சாமி பங்கு எந்த வரியில்?



எங்கள் வீட்டுக் குளியலறையில் போன மாதம் இரண்டு கைப்பிடிகள் பொருத்தினோம். அந்தப் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டதும் விருதுநகரிலிருந்து மருமகன், "மாமா, யாரு போட்டது? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டான். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. வகுப்பில் உங்களை எத்தனையோ தடவை பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு என் முறை.

கைப்பிடி போட்டவள் என் பழைய மாணவி. 2005இல் பத்தாம் வகுப்பு எழுதியவள். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த பேட்ச் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் கீழே எழுதாதீர்கள். அப்பாவுக்குச் சானமாவுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி, ராகிதான் போடுவார். வீட்டில் பேசுவது தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என் வகுப்பில் தமிழ். நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போலத்தான். வரைபடம் மட்டும் அற்புதமாகப் போடுவாள். இந்தியாவின் கடற்கரையை அட்லஸ் பார்க்காமல் வரைந்துவிட்டு, கட்ச் வளைகுடாவை மட்டும் ரப்பர் வைத்து நாலு தடவை திருத்திக்கொண்டிருப்பாள்.

டிப்ளமோ முடித்து பெங்களூரில் ஒரு இன்டீரியர் கம்பெனியில் பிளான் வரையும் வேலை. தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வந்தாள். 2020இல் ஊரடங்கு வந்தது, வேலை போனது. ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, வீட்டு முன்னறையிலேயே ஒரு மேசையும் லேப்டாப்பும் போட்டு, வீட்டு உள்அலங்கார வேலையைத் தானே எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். ஓசூரில் புதிது புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளுக்கு மாடுலர் கிச்சன், அலமாரி, பூஜை ரூம், திரைச்சீலை. ஒரு ஆசாரி, அவருக்கு இரண்டு கையாள், அவ்வளவுதான் கம்பெனி.

ஒருநாள் போன் செய்தாள். "சார், ஒரு கஸ்டமர் பூஜை ரூம் தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் கேக்கறாங்க. உங்க ஊர் பக்கம்தானே, எங்க வாங்கறது?" என்றாள். விருதுநகர் வேறு, காரைக்குடி வேறு என்று புவியியல் பாடம் எடுத்துவிட்டு, தெரிந்ததைச் சொன்னேன். சூளையில் வைக்காத ஓடு அது. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. பேச்சு அங்கிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்குப் போய், வீடு கட்டிய நகரத்தாருக்குப் போய், கடைசியில் மகமையில் வந்து நின்றது. வரலாற்று வாத்தியாரிடம் ஓடு கேட்டால் இதுதான் கதி.

மகமை என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வியாபாரத்தில் தருமத்துக்கென்று எடுத்து வைக்கும் பங்கு. பழனிக்கு உப்பு விற்கப் போன நகரத்தார் பழனியாண்டவர் பேரில் மகமை எடுத்து வைத்ததைப் பழைய ஆவணங்கள் சொல்கின்றன. விருதுநகரில் அதை நான் கண்ணாலேயே பார்த்து வளர்ந்தவன். என் அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. நாள்வழிக் கணக்கில் ஒவ்வொரு நாளும் மகமைக்கென்று ஒரு பத்தி இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று விழும். அன்றைக்கு முதலாளிக்கு லாபமா நஷ்டமா என்று அந்தப் பத்தி கேட்காது. மூட்டை நகர்ந்தால் மகமை நகர வேண்டும். அப்படிச் சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பணத்தில்தான் நாடார் வணிகர்கள் 1880களிலேயே விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை எழுப்பினார்கள். வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைத்து அதையும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. 1969இல் ராபர்ட் ஹார்டுகிரேவ் என்ற அமெரிக்கர் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் மகமைக்கு முக்கியமான இடம் உண்டு.

அதை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. ஒரு சாதி தனக்குத் தானே துணை என்று எழுந்து நின்ற முறை அது. கோயிலுக்குள் விடாதவர்கள், தெருவில் நடக்க விடாதவர்கள் மத்தியில் அப்படித்தான் எழ முடிந்தது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியதும் உண்மை. நாங்கள் அந்தச் சமூகம் இல்லை. இருந்தாலும் அப்பா அந்தப் பத்தியைத் தொடும்போது பேனாவை ஒருமுறை துடைத்துக்கொள்வார்.

இதையெல்லாம் நான் போனில் சொல்லி முடித்ததும் அவள், "எங்க களத்துலயும் இது இருக்கு சார்" என்றாள். இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ராகி அடித்துத் தூற்றிக் குவித்ததும் அந்தக் குவியலுக்குப் பூஜை போடுவார்கள். ராசி பூஜை. சாமிக்கென்று கொஞ்சம், களத்துக்கு வந்து நின்றவர்களுக்குக் கொஞ்சம் என்று முறத்தில் அள்ளிவிட்ட பிறகுதான் மூட்டை கட்டுவது. யானை பாதியைத் தின்றுவிட்டுப் போன வருஷத்திலும் அவள் அப்பா அள்ளியதாகச் சொன்னாள்.

அந்த வாரமே புதிதாக ஒரு நோட்டு போட்டாள். பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே "சாமி பங்கு, நூற்றுக்கு மூன்று". வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. பில் போட்ட அன்றைக்கே நூற்றுக்கு மூன்று அதற்குப் போய்விடும். 1,80,000 ரூபாய்க்கு ஒரு கிச்சன் என்றால் 5,400 சாமிக்கு. எந்தச் சாமி என்று நான் கேட்டேன். "அது கேக்காதீங்க சார். எங்க வீட்ல ஒண்ணு, ஆசாரி வீட்ல ஒண்ணு, கஸ்டமர் வீட்ல ஒண்ணு" என்றாள்.

முதலில் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும்தான் கொடுத்தாள். பிறகு ஒருநாள் உத்தனப்பள்ளி பக்கம் சொந்தக்காரப் பாட்டி ஒருவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பார்க்கப் போனவள் பாட்டியைப் பார்த்ததைவிடக் கழிப்பறையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அரசுத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை. உள்ளே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வாசலில் முக்கால் அடிப் படி. இரவில் விளக்கு இல்லை. அன்றிலிருந்து சாமி பங்கு முழுவதும் அந்த வேலைக்குத் திரும்பியது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் கைப்பிடி, வழுக்காத தரை, பாதிப் படி, ஒரு எல்.இ.டி. விளக்கு. ஆயிரம், இரண்டாயிரம், மிஞ்சினால் ஐயாயிரத்தில் முடியும் வேலைகள்.

கைப்பிடி போடுவது ஏதோ ஆணி அடிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அவள் பெரியவர்களை முதலில் உட்காரச் சொல்கிறாள், எழுந்து நிற்கச் சொல்கிறாள். எழும்போது கை தானாகச் சுவரில் எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறிக்கிறாள். ஆளுக்கு ஆள் அந்த இடம் மாறும். சுவரைத் தட்டிப் பார்க்கிறாள். கெட்டியான கல்லா, ஹாலோ பிளாக்கா என்று. ஹாலோ பிளாக்கில் சும்மா திருகினால் ஒருநாள் பாரம் விழும்போது கைப்பிடியோடு ஆளும் கீழே வருவார்கள். இல்லாத கைப்பிடியை விடப் பிடுங்கிக்கொள்ளும் கைப்பிடி ஆபத்து என்பாள்.

ஆரம்பத்தில் இதைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாகப் போட்டாள். "இதில் 3 சதவீதம் தருமத்துக்கு". ஒரு கஸ்டமர், "அந்த மூணைக் கழிச்சிட்டு பில் போடுங்க, தருமம் நாங்களே பண்ணிக்கறோம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொருவர் அதற்கு நேர்எதிர். ரொம்பச் சந்தோஷப்பட்டு, எந்தப் பாட்டிக்குப் போகிறதோ அந்தப் பாட்டியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கழிப்பறை வாசலில். அதற்கப்புறம் அந்த வரி கொட்டேஷனில் வரவில்லை. நோட்டில் மட்டும்தான்.

நம் ஊரில் கொடுக்கிற கைக்குப் பெயர் வேண்டும். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வருகிற அளவுக்குக்கூட இடம் விடாமல் உபயதாரர் பெயரை எழுதுகிற ஊர். பெரிய கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமே சொல்லிவிட்டது, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு என்று. அந்தப் பணத்தில் நம் பள்ளிகளுக்குப் பெஞ்சும் கழிப்பறையும் வந்தன. நன்றாகவே வந்தன, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் பெயர் இருக்கும். எட்டாம் வகுப்புப் பையன் காம்பஸ் முனையால் அதைச் சுரண்டித் தன் பெயரை எழுதுவான். நான் அவனை அடிப்பேன். இப்போது யோசித்தால் அவன் செய்ததும் அதே காரியம்தான்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

இந்த ஜூன் மாதம். ஓசூரில் ஒரு வீட்டுக்கு மொத்தமாக 3,40,000 ரூபாய் வேலை. வேலை முடிந்தது, பில்லும் போட்டாயிற்று. 2,30,000 வந்தது. மீதி 1,10,000 ரூபாய்க்கு, மைக்காவின் நிறம் காட்டிய சாம்பிள் மாதிரி இல்லை என்று இழுத்தடித்தார்கள். பிளைவுட் கடைக்காரர் விடுவாரா? வந்த பணம் அவருக்கே போனது. ஆசாரிக்கு 46,000 கூலி பாக்கி. தன் கையிலிருந்து 20,000 கொடுத்துவிட்டாள். இன்னும் 26,000. சாமி கணக்கில் அப்போது 38,500 இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கே வந்தாள். காபி கூடக் குடிக்கவில்லை.

"சார், சாமி பணத்துல இருந்து எடுத்து ஆசாரிண்ணனுக்குக் கொடுத்துட்டு, பேமென்ட் வந்ததும் திருப்பிப் போட்டா தப்பா?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தொடாதே" என்றேன். "எங்கப்பா முப்பது வருஷம் மகமைப் பத்தி எழுதினாரு. கடை கடன்ல மூழ்கின மாசம்கூட அதுல கை வெச்சதில்ல. ஒரு தடவை கை வெச்சா, அப்புறம் அது சாமி பணம் இல்ல, உன் பணம்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பேசும்போது எனக்கே என் குரல் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். என் சொல்லைத் தட்டாத பிள்ளை. அதுதான் பிரச்சினை.

நவம்பர் தொடக்கத்தில் என் மனைவி குளியலறையில் சறுக்கினாள். நல்லவேளை, வாளியைப் பிடித்துக்கொண்டதால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. உடனே கூப்பிட்டேன். எனக்குத் தள்ளுபடி உண்டா என்று விளையாட்டாகக் கேட்டேன். "உங்களுக்குப் பென்ஷன் வருது சார், முழுசாக் கொடுங்க" என்றாள். மறுநாள் அவளே வந்து அம்மாவை உட்காரவைத்து, எழுப்பி, பென்சில் குறி போட்டுவிட்டுப் போனாள். பொருத்துவதற்கு ஆசாரி வந்தார்.

ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னை "மேஷ்ட்ரே" என்றுதான் கூப்பிடுவார், கன்னட வழக்கத்தில். வேலை முடிந்து திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். வாத்தியார் கேட்கிற வழக்கமான கேள்வி.

"பாலிடெக்னிக் சேத்துட்டேன் மேஷ்ட்ரே. ஜூன்லதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. பதினஞ்சாம் தேதிக்குள்ள பீஸ் கட்டணும்னாங்க. வீட்ல இருந்த கம்மலை வெச்சு இருவதாயிரம் வாங்கினேன். ரெண்டு வட்டி. போன மாசம்தான் மீட்டேன்."

ஜூன் என்றதும் எனக்குள் ஏதோ விழுந்தது. "கூலி பாக்கி இருந்துச்சே, கேக்கலியா?" என்றேன்.

"கேட்டேன். அந்தப் பாப்பா அழுவுது மேஷ்ட்ரே. கையில இல்ல, சாமி காசுதான் இருக்கு, அதைத் தொடக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்கன்னுச்சு. சாமி காசு மேல கை வைன்னு நான் எப்படிச் சொல்றது?"

அந்தப் பெரியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. டீ கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கம்மலுக்கு மாதம் 400 வீதம் ஐந்து மாதம், 2,000 ரூபாய். என் பிரசங்கத்தின் விலை. கட்டியது அவர்.

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. வெளியே காட்டோரம் பட்டாசுச் சத்தம் வேறு, யானை இறங்கியிருந்தது. பரணில் காவலிருக்கிறவர்களின் கூச்சலைக் கேட்டபடி யோசித்தேன். அப்பா எழுதிய மகமை பஜாரின் பொதுப் பணம். கடைக்காரர் தனி ஆளாக அதில் கை வைக்க முடியாது, ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இவள் வைத்திருப்பது அவளே மனமுவந்து எடுத்து வைத்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கடையில் மூட்டை தூக்கினவர்களுக்குச் சாயங்காலமே கூலி. அது நாள்வழியில் மகமைக்கு முன்பா பின்பா என்று நான் பார்த்ததே இல்லை. ஏனென்றால் அது பாக்கி நின்றதே இல்லை.

மறுநாள் ஓசூருக்குப் பஸ் ஏறி, என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். தொழுகை தவறாதவர், பைசா தவறாதவர். ஜகாத் கணக்கை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். பேப்பரில் எழுதியே காட்டினார். வருமானத்தின் மேல் அல்ல, கையிருப்பின் மேல். ஒரு சந்திர வருஷம் முழுக்கக் கையில் நின்ற செல்வம், 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளி மதிப்பைத் தாண்டினால்தான் கடமை. அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம். "உடனே கொடுக்க வேண்டிய கடனைக் கழிச்சிட்டுத்தான் சார் கணக்கே தொடங்கும். ஆசாரி கூலி கடன்தானே?" என்றார். வேலை செய்தவனின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழியையும் நினைவுபடுத்தினார். அன்றாடக் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பைபிளின் உபாகமத்திலும் சட்டம் இருக்கிறது. தசமபாகம் பேசுகிற அதே புத்தகத்தில். முப்பது வருஷம் வரலாறு நடத்தினவனுக்கு இதெல்லாம் தெரியாததா? தெரியும். பரீட்சைக்குத் தெரிந்த மாதிரி தெரியும்.

நேராக அவள் வீட்டுக்குப் போய், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். ஒரு மாணவியிடம் இதைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. கம்மல் விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கடன் போக மிஞ்சியதில் சாமி பங்கு எடுத்தால் போதும் என்று ஜகாத் கணக்கை அவளுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, தலையை ஆட்டினாள். ஆனால் இந்தத் தடவை மறுத்து.

"அப்படி வெச்சா நடக்காது சார். மிச்சம்னு பாத்தா பிளைவுட் கடை நிக்கும், வண்டி டியூ நிக்கும், வீட்டு வாடகை நிக்கும். மாசா மாசம் ஏதாவது ஒண்ணு சாமிக்கு முன்னாடி வந்து நிக்கும். வருஷக் கடைசியில பாத்தா சாமிக்கு ஒண்ணுமே இருக்காது. எங்கப்பா மூட்டை கட்டினதுக்கு அப்புறம் அள்ளியிருந்தா ஒரு பிடி கூடக் கொடுத்திருக்க மாட்டாரு."

அவள் சொன்னது சரி. வருஷம் முழுக்கக் கையில் நின்ற செல்வத்துக்குப் போடும் கணக்கு ஒன்று, வேலைக்கு வேலை எடுத்து வைக்கும் பங்கு வேறு. மூட்டைக்கு இவ்வளவு என்று விருதுநகர் பஜார் வைத்ததன் சூட்சுமத்தை எனக்கே அவள் திருப்பிச் சொல்லிக் கொடுத்தாள். மனசு மாறுவதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அப்பா மூட்டை நகர்ந்தால் என்றுதான் எழுதினார், மூட்டை நகரப்போகிறது என்று எழுதவில்லை. இவளோ பில் போட்ட அன்றைக்கே, வராத பணத்துக்கும் சேர்த்து சாமிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வேலையில் மட்டும் வராத 1,10,000க்கு 3,300 ரூபாய் முன்கூட்டியே போயிருந்தது.

கடைசியில் நோட்டில் பத்திகளை மாற்றினாள். பணம் கைக்கு வந்த அன்றுதான் கணக்கு. முதல் பத்தி கூலி. இரண்டாவது சாமி பங்கு. அதற்கப்புறம்தான் பிளைவுட் கடை, டியூ, வாடகை, அவளுடைய வருமானம் எல்லாம். கூலியைத் தவிர வேறு எதுவும் சாமிக்கு முன்னால் வரக் கூடாது. ஆசாரியை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டினாள். அவர் மேலே மாட்டியிருந்த சித்தகங்கா சுவாமிகள் காலண்டரைக் காட்டினார். அவருடைய அண்ணன் மகன் தும்கூரில் அந்த மடத்துப் பள்ளியில்தான் படித்தான். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு. 111 வயது வரை இருந்து 2019 ஜனவரியில் மறைந்த பெரியவர் நடத்திய மடம். "அங்க மொதல்ல காயகம், அப்புறம்தான் தாசோகம்" என்றார் ஆசாரி. முதலில் உழைப்பு, அதில் வந்ததைப் பகிர்வது பிறகு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் காலத்திலிருந்து வருகிற சொற்கள். நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்ததை அவர் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அந்த 2,000 ரூபாயை ஆசாரியிடம் கொடுக்கப் பார்த்தேன். அந்தப் பெரியவர் நான்தான் என்பதையும் சொன்னேன். சிரித்துவிட்டார். பணத்தை வாங்கவே இல்லை. அவளிடம் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த கூலியோடு சேர்த்து அவருக்குக் கொடுத்துவிட்டு, கூலிப் பத்தியில் "கம்மல் வட்டி, சார், 2,000" என்று எழுதினாள். அந்த நோட்டில் யார் பெயரும் கிடையாது. உபயம் என்று நான் வந்திருப்பது அந்த ஒரு வரியில்தான்.

மருமகனுக்குப் பதில்: இரண்டு கைப்பிடி, மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். தள்ளுபடி இல்லை. அந்த 1,10,000ல் பாதிதான் இதுவரை வந்திருக்கிறது, மீதிக்கு நடந்துகொண்டிருக்கிறாள்.

சானமாவு, உத்தனப்பள்ளி, சூளகிரி பக்கம் தனியாக இருக்கும் வயதானவர்கள் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், கமென்ட்டில் வேண்டாம். பணம் அனுப்பாதீர்கள், அவள் வாங்க மாட்டாள். சுவர் என்ன சுவர், வாசலில் படி எவ்வளவு உயரம், கரண்ட் இணைப்பு உண்டா என்று மட்டும் விசாரித்து எழுதினால் போதும். உங்கள் வீட்டுக் குளியலறையையும் ஒருமுறை போய்ப் பாருங்கள், அம்மா எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள் என்று. எங்கள் வீட்டில் அது ஒரு பிளாஸ்டிக் வாளி.

ஆனால் உடனே வருவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ராகி அறுப்பு முடிந்து யானைகள் ஜவளகிரி பக்கம் திரும்பும் வரை, சாயங்காலத்துக்கு மேல் ராயக்கோட்டை ரோட்டில் ஆசாரியை அனுப்ப மாட்டாள்.